குழல் சூடும் இடது கையும்: வாசகர் கேள்வி–பதில்

போன இதழில் காற்றில் வீசும் களிமண் தட்டைத் துப்பாக்கியால் சுடும் விளையாட்டைப் பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே தொல்லையைத்தான் சொல்கின்றன. நாலு சுற்று சுட்டதும் ஷாட்கன் குழல் கொதிக்கிறது, இடது கை பொத்துப்போகிறது, என்ன செய்வது? மதுரையில் சித்திரை வெயிலும் தொடங்கிவிட்டதால் இந்த முறை முழுப் பக்கமும் இதற்கே.

கேள்வி: தாத்தா வைத்திருந்த 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி. அப்பாவுக்குப் பிறகு முறைப்படி என் பெயருக்கு உரிமம் வாங்கி, ரேஞ்சில் தட்டு சுடப் பழகுகிறேன். கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்துப் போய், ஒரு பெட்டித் தோட்டாவையும் ஒரே மூச்சில் சுடுவேன். பதினைந்து தாண்டினாலே குழலில் கை வைக்க முடியவில்லை. பைக் ஓட்டும் கையுறை ஒன்று இருக்கிறது, அதைப் போடலாமா சார்? – திருமங்கலம் வாசகர்

பதில்: பைக் கையுறை வேண்டாம் தம்பி. அதன் முட்டியில் பிளாஸ்டிக், உள்ளே ஸ்பாஞ்ச், மேலே நைலான் வலை.  அவ்வளவு தடிமனில் துப்பாக்கி கைக்குள் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதே உங்களுக்குத் தெரியாது. ஆனால் கையுறைக்கு முன்னால் பேச வேண்டியது இரண்டு இருக்கிறது, நீங்கள் எதைப் பிடிக்கிறீர்கள், எவ்வளவு வேகமாகச் சுடுகிறீர்கள் என்பது.

முதலில் பிடிப்பு. குழல்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற உங்கள் பழைய மாடலில் அடியில் இருக்கிற முன்கட்டை ரொம்பச் சின்னது. குழலைத் துப்பாக்கியோடு பூட்டி வைப்பதுதான் அதன் முக்கிய வேலை, கை முழுவதையும் தாங்குவதற்காக அதைச் செய்யவில்லை. அதனால் உள்ளங்கை மரத்தில் இருந்தாலும் கட்டைவிரலும் மற்ற விரல் நுனிகளும் இரும்பில்தான் படும், நீங்கள் எப்படிப் பிடித்தாலும் படும். நாளுக்கு நாலைந்து தோட்டா சுடுகிறவருக்கு அது ஒரு குறையாகவே தெரிந்திருக்காது. தட்டு சுடும் விளையாட்டு அப்படியில்லை. மேலும் கீழுமாகக் குழல் வைத்த இன்றைய போட்டித் துப்பாக்கிகளில் முன்கட்டை அகலமாகப் பக்கவாட்டிலும் ஏறி வருவதற்கு இதுவும் ஒரு காரணம். மரம் சூட்டைக் கடத்தாது, இரும்பு கடத்தும், அவ்வளவுதான் விஷயம்.

உங்கள் மாதிரி துப்பாக்கிக்கு இங்கிலாந்துக்காரர்கள் பழைய காலத்திலேயே ஒரு வழி கண்டுவிட்டார்கள். மெல்லிய ஸ்பிரிங் தகட்டைக் குழலின் வளைவுக்கு வளைத்து, வெளியே தோல் போர்த்திய ஒரு உறை. மேல்பக்கம் திறந்திருக்கும், குழலின் முனை வழியாக நுழைத்து முன்கட்டைக்கு முன்னால் தள்ளி வைத்தால் கவ்விக்கொள்ளும். கை அதன்மேல் இருக்கும். குழலின் மேல் நீளமாக ஓடும், குறி பார்க்க உதவும் ரிப் என்கிற பட்டையை மறைக்காது, வேண்டாதபோது உருவி எடுத்துவிடலாம். பழைய இரட்டைக்குழலுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இன்றுவரை வரவில்லை என்பது என் எண்ணம். அதோடு மெல்லிய தோல் கையுறை ஒன்று இடது கைக்கு. இரண்டும் சேர்ந்தால் உங்கள் பிரச்சினை முக்கால்வாசி தீர்ந்தது.

மீதிக் கால்வாசி உங்கள் வேகம். ஏன் இவ்வளவு சூடாகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 கிராம் ஈயம் நொடிக்கு 400 மீட்டர் வேகத்தில் வெளியே போனால் அது கொண்டுபோகும் ஆற்றல் சுமார் 1900 ஜூல். எரிந்த வெடிமருந்தில் இருந்த ஆற்றல் ஏறக்குறைய அதைப்போல் மூன்று மடங்கு. மிச்சத்தில் பெரும்பங்கு குழல் முனையில் நெருப்பும் புகையும் சத்தமுமாகப் போகிறது, இன்னொரு நல்ல பங்கு குழல் இரும்புக்குள் இறங்குகிறது. ஒன்றேகால் கிலோ எடையுள்ள குழலுக்கு ஒரு தோட்டாவுக்கு ஓரிரு டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது டிகிரி வெயிலில் தொடங்கி, ஆறவிடாமல் இருபத்தைந்து தோட்டா சுட்டால் எங்கே போய் நிற்கும்? 60 டிகிரியைத் தாண்டிய வெற்று இரும்பைச் சில நொடி பிடித்தாலே தோல் வெந்துபோகும், 70 டிகிரியில் ஒரு நொடி போதும்.

போட்டியில் ஏன் இந்த அளவுக்குச் சூடாவதில்லை தெரியுமா? ட்ராப் என்கிற தட்டு சுடும் போட்டியில் ஆறு பேர் ஓர் அணி. ஒருவர் ஒரு தட்டு சுட்டதும் அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று போய் உங்கள் முறை திரும்ப வர ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகிவிடும். அந்த நேரமெல்லாம் துப்பாக்கி மடித்துத் திறந்தபடி இருக்கும், குழலுக்குள் காற்று ஓடும். தனியாகப் போய், தட்டை வீசச் சொல்லி ‘புல், புல்’ (pull) என்று அடுக்கிக்கொண்டே போகிறவருக்கு அந்த இடைவெளி கிடையாது. எனவே தனியாகச் சுடும்போதும் ஆறு பேர் நிற்பதாகவே நினைத்துக்கொண்டு சுடுங்கள். ஐந்து தட்டுக்கு ஒருமுறை துப்பாக்கியைத் திறந்து, தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்துவிட்டு, நிழலில் இருக்கும் ரேக்கில் ஐந்து நிமிடம் குழல் நேராக நிற்கிற மாதிரி வையுங்கள். சூடான காற்று மேலே எழும்ப, கீழிருந்து புதுக்காற்று குழலுக்குள் ஏறும். படுக்கப் போட்டால் இந்த ஓட்டம் இருக்காது. அந்த ஐந்து நிமிடத்தில் தவறவிட்ட தட்டு ஏன் தவறியது என்று யோசிக்கலாம், தோட்டா விலை விற்கிற விலைக்கு அதுவும் லாபம்தான்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தாத்தா காலத்துத் துப்பாக்கி என்கிறீர்கள். பழைய பிரிட்டிஷ் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை 65 மி.மீ. தோட்டாவுக்கு வெட்டியது. இன்று கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை 70 மி.மீ. அந்த நீளத் தோட்டா உள்ளே போய்விடும், மூடவும் மூடும், ஆனால் சுடும்போது தோட்டா முனையின் மடிப்பு விரிய இடம் இல்லாமல் அழுத்தம் ஏறும். உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் ஒருமுறை கொண்டுபோய் அறையை அளந்து, குழல் சுவரையும் பார்த்துவிட்டு அப்புறம் சுடுங்கள். கை சுடுவதைவிட இது பெரிய விஷயம்.

கேள்வி: சூடு தாங்காமல் கையை உதறிவிட்டேன், பக்கத்தில் நின்ற பயிற்சியாளர் கோபமாகத் திட்டிவிட்டார். நான் வேண்டுமென்றா செய்தேன்? – மேலூர் வாசகர்

பதில்: அவர் திட்டியது சரி, நான் இருந்தாலும் திட்டியிருப்பேன். வலித்தால் கை உதறும், அது யாருக்கும் அனிச்சையாக வருவதுதான். ஆனால் அந்த உதறலில் குழல் எந்தப் பக்கம் திரும்பியது, அப்போது வலதுகை ஆட்காட்டி விரல் எங்கே இருந்தது என்பதுதான் கேள்வி. சூடுபட்ட விரல் பத்து நாளில் ஆறிவிடும்.

இதற்கு ஒரு வரிசை உண்டு, அதை வெறும் துப்பாக்கியில் வீட்டிலேயே பழகுங்கள். தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, யாரும் இல்லாத பக்கம் நோக்கித் துப்பாக்கியைத் தோளில் வையுங்கள். யாராவது ‘சுடுது’ என்று சொன்னதும் முதலில் ட்ரிகரிலிருந்து விரல் வெளியே, குழல் முன்னோக்கியே இருக்கட்டும், அடுத்து துப்பாக்கியைத் திறங்கள், கடைசியாகத்தான் இடது கையை மாற்ற வேண்டும். கை சூட்டை உணரத் தொடங்கிய உடனே ‘இன்னும் ஒன்று சுட்டுவிட்டு விடுகிறேன்’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பதுதான் உதறலில் போய் முடிகிறது. கொஞ்சம் சுடுகிறது என்னும்போதே நிறுத்துங்கள். அந்தத் தட்டு போனால் போகட்டும்.

கேள்வி: என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள், ஜூனியர் பிரிவில் ட்ராப் சுடுகிறாள். மேல்–கீழ் குழல் துப்பாக்கி. கட்டைவிரல் மட்டும் சிவந்துபோய் வருகிறாள். கையுறை வாங்கிக் கொடுத்தால் வேர்வையில் நனைந்து வழுக்குகிறது என்று கழற்றிப் போட்டுவிடுகிறாள். என்ன மாதிரி வாங்குவது? ஒரு கைக்கா, இரண்டுக்குமா? – அண்ணா நகர், மதுரை வாசகி

பதில்: அம்மா, உங்கள் மகள் துப்பாக்கியைப் பிடிப்பதை ஒரு போட்டோ எடுத்துப் பாருங்கள். கட்டைவிரல் மட்டும் சிவக்கிறது என்றால் அது முன்கட்டையின் ஓரத்தைத் தாண்டிக் குழலின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். சின்னக் கைக்காரர்கள் துப்பாக்கியைக் கெட்டியாகப் பிடிக்கப் பார்க்கும்போது இப்படி ஆகும். இடது கை பிடிக்கவே வேண்டாம், தாங்கினால் போதும். முன்கட்டை உள்ளங்கையில் உட்கார்ந்திருக்க, ஆட்காட்டி விரல் அடியில் நீண்டிருக்க, கட்டைவிரல் மரத்தின் மேலேயே தளர்வாக இருக்கட்டும். கையை ஒரு விரற்கடை பின்னால் கொண்டுவந்தாலே பாதி சரியாகிவிடும். ஆனால் பயிற்சியாளரிடம் கேட்டுக்கொண்டு மாற்றுங்கள், கை பின்னால் வந்தால் துப்பாக்கி வீசும் விதமும் கொஞ்சம் மாறும்.

இந்த வகைத் துப்பாக்கியில் ஒரு வசதி இருக்கிறது. ட்ராப்பில் வழக்கமாகக் கீழ்க் குழல்தான் முதலில் சுடும், தட்டு தவறினால்தான் மேல்குழல். அதனால் அதிகம் சூடாகிற கீழ்க் குழல் முன்கட்டையின் மரத்துக்குள் மறைந்துகிடக்கிறது. பழகும் காலத்தில் மகள் நிறையத் தவறவிட்டால் இரண்டாவது தோட்டாவும் நிறையப் போகும், ஒரு சுற்றுக்கு 25 தட்டு, 50 தோட்டா வரை போகலாம், அப்போது மேல்குழலும் கொதிக்கும். தட்டு விழ விழச் சூடும் குறையும். ஸ்கீட் என்கிற இன்னொரு தட்டுப் போட்டியில் தட்டுக்கு ஒரு தோட்டாதான், இந்தத் தொல்லை கம்மி.

கையுறை இடது கைக்கு மட்டும் போதும், வலதுகைக்காரி என்றால். ட்ரிகர் விரலுக்கு எதுவும் வேண்டாம், அந்தத் தோலுக்குத்தான் எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியும். கடையில் துப்பாக்கிக் கையுறை என்று தேடி அலைய வேண்டியதில்லை. கோல்ஃப் கையுறை கேளுங்கள். வலதுகைக்காரர்கள் அதிலும் இடது கைக்குத்தான் போடுவார்கள், ஒற்றையாகவே விற்பார்கள். முழுக்க மெல்லிய ஆட்டுத்தோலில் செய்ததாகப் பார்த்து எடுங்கள். விரல்களுக்கு நடுவே நைலான் வலை வைத்த மலிவு ரகம் வேண்டாம். அளவு சிக்கென்று இருக்க வேண்டும், விரல் நுனியில் தோல் தொங்கக் கூடாது. தொங்கினால் துப்பாக்கியைத் திறந்து மூடும்போது இடுக்கில் மாட்டும்.

நனைவதைப் பற்றி அவள் சொல்வது வெறும் சாக்கு இல்லை. அடுப்பிலிருந்து பாத்திரத்தை ஈரத்துணியால் இறக்கினால் எப்படிச் சுரீர் என்று ஏறுகிறதோ அப்படித்தான் நனைந்த கையுறையும், காய்ந்த தோல் தடுக்கிற சூட்டை ஈரம் நேராகக் கைக்குக் கடத்தும். அதனால் கையுறை இரண்டு வையுங்கள். ஒரு சுற்று ஒன்று, அது காயும்போது மற்றொன்று. வெயிலில் காயப்போட வேண்டாம், விறைத்துவிடும், நிழலில் காற்றாடத் தொங்கவிட்டால் போதும். போடும் முன் கையைத் துண்டால் நன்றாகத் துடைக்கச் சொல்லுங்கள். பஞ்சுக் கையுறை, அதாவது கிரிக்கெட் கையுறைக்குள்ளே போடுகிற வெள்ளை உறை, வேர்வையை உறிஞ்சும் என்று சிலர் சொல்வார்கள், உறிஞ்சியபின் அதுவே ஈரத்துணி ஆகிவிடுகிறதே!

மகளுக்கு என் வாழ்த்து. பக்கத்துப் புதுக்கோட்டையிலிருந்து போன பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இதே ட்ராப்பில் நின்றார், அதற்கு முன்னால் 2023-ல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய ட்ராப் அணியிலும் இருந்தார். இது வடக்கத்திக்காரர்கள் விளையாட்டு என்று இனி யாரும் சொல்ல முடியாது.

கேள்வி: குழல் மேல் ஈரத்துண்டைப் போட்டு ஆற்றலாமா? நண்பர் ஒருவர் தண்ணீரே ஊற்றுகிறார். – சோழவந்தான் வாசகர்

பதில்: வேண்டாம். குழலின் கறுப்பு மெருகு மிக மெல்லியது, ஈரம் நின்றால் ரிப்பின் ஓரத்திலும் முன்கட்டைக்கு அடியிலும் துரு பிடிக்கும், அந்த இடம் உங்கள் கண்ணில் படவே படாது. பழைய இரட்டைக்குழலில் ரிப்பை ஈயப்பற்று வைத்து ஒட்டியிருப்பார்கள், அந்த இடுக்குக்குள் போன தண்ணீர் வெளியே வருவதும் கஷ்டம். தண்ணீர் ஊற்றும் நண்பரை நிறுத்தச் சொல்லுங்கள். நிழல், திறந்த துப்பாக்கி, காற்று, முடிந்தால் ஒரு டேபிள் ஃபேன். வேறெதுவும் தேவையில்லை.

கேள்வி: வயது 58. சர்க்கரை இருக்கிறது. போன வாரம் சுட்டு முடித்து வீட்டுக்கு வந்தபிறகுதான் இடது கை விரலில் கொப்பளத்தைப் பார்த்தேன். ரேஞ்சில் இருந்தபோது வலியே தெரியவில்லை. இதற்கும் குழல் சூட்டுக்கும் சம்பந்தம் உண்டா? – கே.கே. நகர் வாசகர்

பதில்: ஐயா, உண்டு. இதை நீங்கள் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நாள்பட்ட சர்க்கரை நோய் நரம்பைப் பாதித்து உணர்ச்சியைக் குறைக்கும். காலில் நடப்பது பலருக்கும் தெரியும், கையிலும் நடக்கும். மற்றவர்களுக்குச் ‘சுடுகிறது, விடு’ என்று சொல்கிற காவல்காரன் உங்கள் விரலில் தூங்குகிறான். அதனால் சூட்டை உணர்ந்து கையை மாற்றுவது என்கிற வழி உங்களுக்குக் கிடையாது. கணக்கு வைத்துத்தான் சுட வேண்டும். கையுறை இல்லாமல் ஒரு தோட்டாகூடச் சுடாதீர்கள். ஐந்து தோட்டாவுக்கு ஒருமுறை கட்டாயம் நிறுத்தி ஆறவையுங்கள், சூடு தெரிந்தாலும் தெரியாவிட்டாலும். சுட்டு முடித்ததும் கையுறையைக் கழற்றி இரண்டு கையையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். முடிந்தால் கூட வருகிறவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போதுள்ள கொப்பளத்தை உடைக்காதீர்கள், உங்கள் மருத்துவரிடம் இந்த வாரமே காட்டுங்கள். சர்க்கரைக்காரர்களுக்குச் சின்னப் புண்ணும் ஆற நாளாகும், கிருமி ஏறினால் விரலுக்கே வினை. கையில் உணர்ச்சி எவ்வளவு குறைந்திருக்கிறது என்றும் சோதிக்கச் சொல்லுங்கள். ட்ரிகர் விரலிலும் உணர்ச்சி குறைந்திருந்தால் அதைப் பயிற்சியாளரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அது உங்கள் பாதுகாப்போடு பக்கத்து நிலையில் நிற்கிறவரின் பாதுகாப்பும் சேர்ந்தது.

கேள்வி: சூடு பட்டுவிட்டால் உடனே என்ன செய்ய வேண்டும்? ரேஞ்சில் ஒருவர் பேஸ்ட் தடவினார், இன்னொருவர் தேங்காயெண்ணெய் என்றார். – உசிலம்பட்டி வாசகர்

பதில்: இரண்டும் வேண்டாம். மாவு, மஞ்சள், இங்க் எதுவும் வேண்டாம். ஐஸ் கட்டியும் வேண்டாம், அது வெந்த தோலை இன்னும் கெடுக்கும். துப்பாக்கியை முதலில் பத்திரமாகத் திறந்து வைத்துவிட்டு, மோதிரம் இருந்தால் உடனே கழற்றுங்கள். வீங்கியபின் கழற்ற முடியாது. பிறகு ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம். ஆமாம், இருபது. இரண்டு நிமிடத்தில் வலி குறைந்ததும் கையை எடுத்துவிடுகிறார்கள், தோலுக்கு அடியில் சூடு இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும்.

நம் ஊரில் ஒரு சிக்கல் இருக்கிறது. மதியம் மாடித் தொட்டிக் குழாயைத் திறந்தால் வருவதே வெந்நீர். அதில் கையைக் காட்டினால் பலன் இல்லை. முதலில் வரும் தண்ணீரை விட்டுவிட்டுத் தொட்டுப் பாருங்கள், குளிர்ச்சி வரவில்லை என்றால் பானைத் தண்ணீரையோ கேன் தண்ணீரையோ மெதுவாக ஊற்றிக்கொண்டே இருங்கள். ரேஞ்சுக்குப் போகும்போது குடிக்க மட்டும் அல்லாமல் இதற்காகவும் ஒரு கேன் நிழலில் வைத்திருப்பது நல்லது.

ஷாட்கன்காரர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. கையில் ஈயமும் வெடிமருந்துக் கரியும் ஒட்டியிருக்கும். தண்ணீர் காட்டும்போதே புண்ணைச் சுற்றியுள்ள இடத்தைச் சோப்புப் போட்டு மெதுவாகக் கழுவுங்கள், பிறகு ஒட்டாத சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள். கொப்பளம் பெரிதாக இருந்தாலோ, தோல் வெளுத்துப்போய் உணர்ச்சியே இல்லாமல் இருந்தாலோ, விரல் மடிப்பில் பட்டிருந்தாலோ மருத்துவமனைதான், மதுரைக்குள் என்றால் ராஜாஜி மருத்துவமனை இருக்கவே இருக்கிறது. டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்றும் யோசித்துச் சொல்லுங்கள். சூடு படாதவர்களுக்கும் ஒரு வார்த்தை, சுட்ட கையோடு வடையை எடுத்துத் தின்னாதீர்கள். கழுவிவிட்டுத் தின்னுங்கள்.

கேள்வி: பத்து மணிக்கு மேல் சுட்டால் குழலின் மேல் காற்று நடுங்குகிற மாதிரி தெரிகிறது, தட்டும் ஆடுகிறது. கண்ணில் கோளாறா? – வாடிப்பட்டி வாசகர்

பதில்: கண்ணில் இல்லை. சூடான குழலிலிருந்து எழும் காற்று ரோட்டில் தெரியும் கானலைப் போல ஒளியை வளைக்கிறது. நீங்கள் அதற்குள்ளே பார்த்துத்தான் குறி வைக்கிறீர்கள். ரிப்புக்கும் குழலுக்கும் நடுவே ஜன்னல் ஜன்னலாக இடைவெளி விட்டிருப்பதற்கு ஒரு காரணம் இந்தக் கானலைக் குறைப்பது. அதையும் மீறித் தெரிகிறது என்றால் குழல் நிறையச் சூடாகிவிட்டது, கை வைத்துப் பார்க்காமலே தெரிந்துகொள்ள அது ஒரு அடையாளம். கறுப்புக் குழல் வெயிலில் கிடந்தால் ஒரு தோட்டாகூடச் சுடாமலேயே கை வைக்க முடியாத அளவுக்கு ஏறிவிடும், ஆகையால் முறை வரும்வரை துப்பாக்கி நிழலில் இருக்கட்டும். சித்திரை, வைகாசியில் காலை ஒன்பதரைக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: திண்டுக்கல்லில் எங்களுக்குத் தோல் வேலை. நீங்கள் ஒரு கூட்டத்தில் சொன்ன அந்தக் குழல் உறையை நானே தைத்துக் கொடுத்தால் என்ன என்று தோன்றுகிறது. எந்தத் தோல், எப்படித் தைப்பது? – திண்டுக்கல் வாசகர்

பதில்: இந்தக் கடிதம் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. தோலுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு நாம் இதை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியதே இல்லை.

தோல் விஷயத்தில் உங்களுக்கு நான் பாடம் எடுக்கப் போவதில்லை, துப்பாக்கிப் பக்கத்திலிருந்து தெரிந்ததைச் சொல்கிறேன். பட்டை போட்டுப் பதனிட்ட தோல் பார்க்க அழகாக இருக்கும், கெட்டியாக நிற்கும், ஆனால் நனைந்த நிலையில் 75, 80 டிகிரிக்கே சுருங்கத் தொடங்கிவிடும். குரோம் போட்டது நூறு டிகிரி வரைக்கும் தாங்கும். வேர்வையும் சூடும் சேர்ந்து வருகிற இடம் இது, அதனால் குழலைத் தொடுகிற உள்பக்கத்துக்குக் குரோம் தோல். வெளியே கை படும் பக்கத்துக்கு நீங்கள் விரும்புவதை வையுங்கள், மொரமொரப்பான பக்கம் வெளியே இருந்தால் வேர்வையிலும் வழுக்காது.

நடுவில் மெல்லிய ஸ்பிரிங் தகடு. வெறும் தோலை லேஸ் போட்டு இறுக்கிக் கட்டுகிற முறையும் உண்டு, கட்டுவது அவிழ்ப்பது நேரம் பிடிக்கும், சுடும் அதிர்ச்சியில் நகரவும் செய்யும். தகடு உள்ளதுதான் உத்தமம். தகட்டின் விளிம்பு எங்கேயும் தோலுக்கு வெளியே எட்டிப்பார்க்கக் கூடாது, ஒரு இடத்தில் பார்த்தாலும் குழல் மெருகில் கீறல் விழும். அளவுக்கு ஒரே அச்சு எல்லாவற்றுக்கும் சரியாக வராது. 12 போர் என்பது உள்துளை அளவு, சுமார் 18.5 மி.மீ., வெளிச்சுற்று துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். அதுவும் முன்னே போகப் போகக் குழல் மெலியும். உறை நிற்கப்போகிற இடத்தில், முன்கட்டைக்கு முன்னால் நாலு விரல் தள்ளி, சுற்றளவைக் காகிதப் பட்டையால் எடுக்கச் சொல்லுங்கள். துப்பாக்கியை உங்கள் பட்டறைக்குக் கொண்டுவரச் சொல்லவே வேண்டாம், உரிமச் சிக்கல் வரும். அளவு மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். மேலே ரிப் முழுக்கத் திறந்திருக்க வேண்டும், உறையின் இரண்டு உதடும் ரிப்புக்குக் கீழேயே நிற்க வேண்டும். ஒட்டுவதற்குப் போடுகிற பசை சூட்டில் இளகுகிற ரகமாக இருந்தால் இரண்டாவது சுற்றிலேயே தோல் தனியே வந்துவிடும், ஆகையால் பசையை நம்பாமல் சுற்றிலும் தையல் போடுங்கள். நைலான் நூல் வேண்டாம், மெழுகு பூசிய பஞ்சு நூலோ லினன் நூலோ போடுங்கள்.

வாங்குகிறவரிடம் ஒன்றைச் சொல்லியே கொடுங்கள். சுட்டு முடித்ததும் உறையை உருவி எடுத்துவிட வேண்டும். தோலில் இருக்கும் அமிலமும் உப்பும் வேர்வை ஈரமும் சேர்ந்தால் ஒரே மாதத்தில் அடியில் துரு வட்டம் விழும். துப்பாக்கியைத் தோல் பையிலேயே நாள்கணக்கில் வைக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

கேள்வி: சுட்டு முடித்த கையோடு பையில் போட்டுவிடலாமா? பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. – பேரையூர் வாசகர்

பதில்: கால் மணி நேரம் பொறுங்கள், அடுத்த பஸ் வரும். சூட்டோடு பைக்குள் போட்டால் உள்ளே ஈரம் பூக்கும், ஸ்பாஞ்ச் குழலில் ஒட்டும். குழல் கை பொறுக்கும் வெதுவெதுப்புக்கு வந்ததும் வேர்வைக் கைரேகையைத் துணியால் துடைத்து, எண்ணெய் தொட்ட துணியால் ஒருமுறை இழுத்துவிட்டுப் போடுங்கள். உள்துளைக் கரியும் அந்த வெதுவெதுப்பில் சுலபமாக வரும். குழலைக் கழற்றும்போது முன்கட்டையை எடுத்ததும் அதன் அடியில் இருந்த இரும்பு வெளியே வரும், மற்ற இடமெல்லாம் ஆறியிருந்தாலும் அங்கே சூடு தங்கியிருக்கும், கையுறையைக் கடைசியாகக் கழற்றுங்கள்.

கேள்வி: என் துப்பாக்கியில் சுட்ட தோட்டாவின் ஓடு தானாகத் தெறிக்காது, விரலால்தான் எடுக்க வேண்டும். வலதுகை விரல் சுடுகிறது. – அலங்காநல்லூர் வாசகர்

பதில்: பித்தளை அடிப்பக்கத்தைப் பிடிக்கிறீர்கள், அதனால் சுடுகிறது. துப்பாக்கியைத் திறந்ததும் ஓடு கொஞ்சம் மேலே எழும்பும், அப்படியே மூன்று நான்கு நொடி விட்டுவிட்டு, நகத்தால் விளிம்பைத் தூக்கி, பிளாஸ்டிக் பகுதி தெரிந்ததும் அதைப் பிடித்து உருவுங்கள். குனிந்து அறை வாய்க்கு நேரே முகத்தை வைக்காதீர்கள், சூடான புகை கண்ணுக்கு வரும். கண்ணாடி போட்டிருந்தாலும் முகத்தைத் தள்ளியே வையுங்கள். எடுத்த ஓட்டைச் சட்டைப் பையில் போட வேண்டாம், இடுப்பில் கட்டுகிற தோட்டாப் பையின் வெளி அறையில் போடுங்கள். அடுத்த தோட்டாவை உங்கள் முறை வந்தபிறகுதான் ஏற்ற வேண்டும், சூடான அறைக்குள் தோட்டாவை வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது.